அறுபத்திரண்டாம் பக்கம்

ஏழு தாள்களை மேஜைமேல் வரிசையாகப் பரப்பிய பதிப்பக ஆசிரியர், பக்கத்திலேயே ஒரு தீப்பெட்டியையும் எடுத்து வைத்தார்.

"நீங்களே சொல்லுங்க மேடம். இதை அச்சடிக்கணுமா, கொளுத்தணுமா?"

மேடம் முதல் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பதினான்கு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் நசுங்கிய கார்களையும் பார்த்து, எது விபத்து, எது வேஷம் என்று பிரித்துச் சொன்னவர் அவர். வேலையை விட்டுத் தனியாகத் துப்பறிய வந்த பிறகும், எதைக் கொடுத்தாலும் நடுவை விட்டுவிட்டு ஓரங்களைப் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

அவருக்குப் பின்னால் நின்ற உதவியாளனுக்கு சோடா என்று பெயர். பெற்றோர் வைத்தது வேறு. மூக்கின்மேல் உட்கார்ந்திருந்த கண்ணாடியின் கனம் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் யாரோ வைத்தது இது. வாயைத் திறந்தால் பொங்கி வழிகிற சுபாவத்துக்கும் பொருந்திப்போனதால் அப்படியே நிலைத்துவிட்டது.

சோடா எட்டிப் பார்த்தான்.

"ஏழு பக்கமும் ஒரே படுக்கை. வான்தோணி கேப்டன் எழுந்திரிக்கவே மாட்டேங்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்து வரைஞ்ச மாதிரி இருக்கு சார்."

ஆசிரியர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்கிற நிலையில் இல்லை.

'வான்தோணி' என்றால் தெரியாத ஆள் கிடையாது. நாலு சினிமா, ஒரு டி.வி. தொடர், கடை கடையாகப் பொம்மைகள். அத்தனைக்கும் தாய்வேர் இந்தப் பதிப்பகம் இருபத்திரண்டு வருடமாகப் போட்டுவரும் சித்திரக்கதை. ஒரே கதாசிரியர், ஒரே ஓவியர். சோடா எழுத்துக்கூட்டப் பழகியதே அதில்தான். தோணியின் கேப்டனையும், ஒன்பது வயதில் சரக்கறைக்குள் ஒளிந்து வந்து பிற்பாடு தோணியையே ஓட்டக் கற்றுக்கொண்ட மின்மினியையும் அவனுக்குத் தன் அத்தை பிள்ளைகளைவிட நன்றாகத் தெரியும்.

அந்த வான்தோணியின் கடைசிக் கதையாகத் திட்டமிட்டது 'கடைசித் துறைமுகம்'. மொத்தம் அறுபத்தெட்டுப் பக்கம். அறுபத்தோராம் பக்கத்தில், தோணியின் வெளிக்கதவுக் கைப்பிடிமேல் மின்மினி கை வைக்கிறாள். அதோடு நின்றுவிட்டது. ஐந்து மாதம் முன்னால் கதாசிரியருக்குப் பக்கவாதம். உடம்பு மொத்தமும் கட்டையாகிவிட்டது. முடிவு அவர் மண்டைக்குள் மாட்டிக்கொண்டது.

"அப்புறம்தான் இந்த அசிங்கம் ஆரம்பிச்சது" என்றார் ஆசிரியர். "ரசிகர் மன்றப் பத்திரிகைக்கு வாரம் ஒரு பக்கம் தபால்ல வந்துச்சு. அனுப்பினவர் பேர் இல்ல. அறுபத்திரண்டாம் பக்கம், அறுபத்திமூணாம் பக்கம்னு நம்பர் போட்டு ஏழு வாரம். அவங்களும் போட்டுட்டாங்க. கேப்டன் ஒரு குளிர்ப்பெட்டிக்குள்ள மரம் மாதிரி படுத்திருக்கார், பக்கத்துல ஒரு நிழல் உட்கார்ந்திருக்கு. அவ்வளவுதான் கதை. வாசகர் கடிதத்தை எல்லாம் படிச்சா காது கூசும். அஞ்சாவது படத்தை இந்தக் கதையை வச்சுதான் எடுக்கப் போறாங்க. இது அந்த மனுஷன் யோசிச்ச முடிவா, இல்ல எவனோ பண்ற விஷமமா? எனக்கு அது தெரியணும். நிஜமான முடிவு எங்கயாவது இருந்தா அதுவும் வேணும்."

"ஓவியர் என்ன சொல்றார்?"

"என் கோடு இல்லன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டார். அவர் பென்சிலும் பிரஷும்தான் தொடுவார். இது பால்பாயிண்ட் பேனா. கோடெல்லாம் நடுங்குது பாருங்க."

"கோடு நடுங்குது, சரி. பொருள் நடுங்கலையே" என்றார் மேடம். "இந்த ஓவியர் எதைப் பார்த்து வரைவார்?"

"அது ஒரு தொல்லை மேடம். எதுவுமே மனசுலேருந்து வராது. கண்ணு முன்னாடி ஒரு சாமான் இருக்கணும். வான்தோணியோட இன்ஜின் அவர் வீட்டுத் தையல் மெஷின். எதிரி விமானம் ஒரு இஸ்திரிப் பெட்டி."

"எனக்குத் தெரியும்!" என்றான் சோடா. "அது மூக்கு நீட்டிக்கிட்டு வரும்போதெல்லாம் எங்க அம்மா சட்டையை எடுத்துட்டு வருவாங்க."

மேடம் மூன்றாவது தாளின் ஓரத்தில் நகத்தை வைத்தார். "இங்க பாரு. குளிர்ப்பெட்டிக்குக் கால்மாட்டுல சுத்துற கைப்பிடி. பக்கத்துக் கம்பியில ஒரு துணி முடிச்சு. மேல ஜன்னல். ஜன்னலுக்குத் திரை. திரைக்கு எத்தனை வளையம்?"

"ஏழு. மூணாவது வளையம் துணியை விட்டுட்டுச் சும்மா தொங்குது." சோடா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான். "முப்பதாம் நூற்றாண்டு விண்கலத்துக்கு எதுக்கு மேடம் ஜன்னல் திரை? பக்கத்துக் கிரகத்துக்காரன் எட்டிப் பார்ப்பான்னா?"

"ஏழு தாள்லயும் அதே மூணாவது வளையம். கற்பனை பண்றவன் அந்த அளவுக்கு மெனக்கெட மாட்டான்." மேடம் தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார். "கதாசிரியர் வீடு எங்க இருக்கு?"

வீடு ஒரு பழைய அடுக்குக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. மின்தூக்கி இல்லை. கதவைத் திறந்த பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கலாம். முன்கை இரண்டும் முழங்கைவரை ஈரம். முகத்தில் தூக்கம் இல்லாத ஐந்து மாதம்.

"பதிப்பகத்துலேருந்தா? வாங்க. இப்பதான் இதுக்கு உடம்பு துடைச்சு முடிச்சேன்."

இது. சோடாவின் காதில் அந்தச் சொல் கொக்கி மாதிரி மாட்டியது. அவன் சுற்றிலும் ஒரு நாயையோ பூனையையோ தேடினான். எதுவும் இல்லை. அவள் சொன்னது புருஷனைத்தான்.

அறைக்குள் போனதும் மேடம் சோடாவைப் பார்த்தார். சோடா மேடத்தைப் பார்த்தான். கால்மாட்டில் சுற்றுகிற கைப்பிடி வைத்த ஆஸ்பத்திரிக் கட்டில். பக்கக் கம்பியில் முடிச்சுப் போட்ட ஒரு பழைய துண்டு. ஜன்னலில் நீலத் திரை. ஏழு வளையத்தில் மூன்றாவது சும்மா தொங்கியது.

கட்டிலில் ஒரு நீண்ட மனிதர் மல்லாந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண்கள் மட்டும் கூரையிலிருந்து இறங்கி, உள்ளே வந்த இருவர்மேல் நின்றன.

"பார்க்கறார்" என்றான் சோடா மெதுவாக.

"அப்படித்தான் தெரியும் தம்பி. ஆனா உள்ள ஆள் இல்ல" என்றாள் மனைவி. சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல். "டாக்டர், நினைவு இருக்கலாம், இல்லாமலும் போகலாம், தினமும் பேசிப் பாருங்கன்னார். ஆஸ்பத்திரில ஒரு எழுத்துப் பலகைகூடக் கொடுத்தாங்க. கண்ணைச் சிமிட்டிச் சொல்லணும், நாம எண்ணணும். எனக்கு ரெண்டாவது எழுத்துக்குள்ள அழுகை வந்துடும். அப்புறம் அண்ணன்தான் நான் பார்த்துக்கறேம்மான்னார். ரெண்டு வாரம் கதவைச் சாத்திட்டு உட்கார்ந்து பார்த்தார். கடைசில என் தலைல கை வச்சு, தங்கச்சி, ஆசையை விட்டுடுன்னார்."

"எந்த அண்ணன்?"

"ஓவியர்தான். கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பண்ண மாட்டான். தினமும் நாலு மணிக்கு வந்துடுவார். கதவைச் சாத்திட்டு ஒரு மணி நேரம் பழைய கதையெல்லாம் பேசுவார். அந்த ஒரு மணி நேரம்தான் நான் கண்ணு மூடறது."

சோடா கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றே கால்.

"அந்தப் பலகை இப்ப எங்கம்மா?" என்று கேட்டார் மேடம்.

மனைவி கண்ணால் காட்டினாள். தலைமாட்டு மேஜையில் மருந்து பாட்டில்களுக்கு அடியில் கறை படியாமல் இருக்க அதை விரித்திருந்தாள். சோடா பாட்டில்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டு அதை எடுத்தான். கெட்டி அட்டை. வட்ட வட்டமாக மருந்துக் கறை. அதற்கு நடுவே முப்பது எழுத்து, ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு. முதல் இரண்டு வரிசையில் உயிரெழுத்து பன்னிரண்டு. அடுத்த மூன்றில் கசடதபறவெல்லாம் சேர்த்து மெய்யெழுத்து பதினெட்டு. அடியில் சின்ன எழுத்தில் விளக்கம்: முதலில் வரிசை எண்ணைச் சிமிட்டவும், பிறகு கண்ணை அகலத் திறக்கவும், பிறகு இடத்தின் எண்ணைச் சிமிட்டவும். ஆம் என்றால் ஒன்று. இல்லை என்றால் இரண்டு.

மேடம் பையிலிருந்து ஏழு தாள்களையும் எடுத்துக் கட்டிலின் கால்மாட்டில் பரப்பினார்.

"சோடா, நடுவுல இருக்கிற படத்தை விட்டுடு. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில கண்ணை மட்டும் சின்னச் சின்னக் கட்டமா போட்டிருக்கான் பாரு. எண்ணு."

"அது சும்மா இடத்தை அடைக்கப் போட்டது மேடம். பக்கம் நிறையலன்னா இவங்க எல்லாரும் கண்ணு வரைவாங்க."

"எண்ணுடா."

சோடா குனிந்தான். "அறுபத்திரண்டு. மூடின கண் ஒண்ணு. விரியத் திறந்த கண் ஒண்ணு. மறுபடி மூடினது மூணு."

"முதல் வரிசை, மூணாவது." மேடத்தின் விரல் அட்டைமேல் நகர்ந்தது. "இ."

"அறுபத்திமூணு. மூடினது நாலு. திறந்தது. மூடினது ஆறு."

"ர."

"ஒண்ணு. அஞ்சு."

"உ. ரகரத்துக்கு உகரம், ரு. அடுத்தது?"

"மூணு, ஒண்ணு. இதுவும் மூணு, ஒண்ணு. ரெண்டு க்." சோடா இப்போது வேகமாக எண்ணினான். குரலில் இருந்த விளையாட்டு எங்கோ கழன்று விழுந்திருந்தது. "ரெண்டு, ரெண்டு. ஏ. கடைசி, அஞ்சு, ஆறு..."

"ன்" என்றார் மேடம்.

யாரும் அதைச் சேர்த்துச் சொல்லவில்லை. அட்டையைப் பார்க்காமலே மனைவிதான் சொன்னாள்.

"இருக்கேன்."

மேடம் கட்டிலின் பக்கமாகப் போய், அந்தக் கண்களுக்கு நேராக முகம் வைத்துக் குனிந்தார். "ஐயா. இருக்கீங்களா?"

கண்கள் மூடின. திறந்தன. ஒன்று.

"இன்னிக்கு என்ன கிழமைன்னு கேக்கறேன். ஞாயிறா?"

இரண்டு.

"செவ்வாயா?"

ஒன்று.

மனைவி கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து நின்றாள். அழவில்லை. அவள் எதையோ திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது. ஐந்து மாதத்தையும் ஒவ்வொரு நாளாக.

"நான் இதே அறையில நின்னுதான் என் தங்கச்சிகிட்ட ஃபோன்ல பேசுவேன்" என்றாள். "இது போய்ச் சேர்ந்தா நான் தூங்குவேன்டின்னு சொன்னேன். ஒரு தடவை இல்ல. தலையணையைச் சரி பண்ணும்போதெல்லாம் வேற ஒண்ணு நினைச்சேன். அதையும் வாய்விட்டுத்தான் சொன்னேன். இவர் எல்லாத்தையும்... எல்லாத்தையும் கேட்டுட்டா இருந்தார்?"

சோடா கவனித்தான். இது, இவராக மாறியிருந்தது.

கட்டிலில் அந்தக் கண்கள் ஒரு முறை மூடித் திறந்தன.

நாலு மணிக்குச் சரியாகக் கதவு தட்டப்பட்டது.

ஓவியர் குள்ளமான மனிதர். சட்டைக் கையின் விளிம்பில் மை. தோளில் தோல்பை. உள்ளே வந்ததும் கால்மாட்டில் பரப்பியிருந்த ஏழு தாள்களைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். ஓடவில்லை, திகைக்கவும் இல்லை. வழக்கமாக உட்காருகிற நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஏழு வாரம்" என்றார். "நாற்பதாயிரம் பேர் வாங்கிப் பார்த்தாங்க. கண்டபடி திட்டினாங்க. ஒருத்தன்கூட எண்ணல. நீங்க யாருங்க?"

"எண்ணினவங்க" என்றார் மேடம். "உங்ககிட்ட இவர் சொன்ன முதல் வார்த்தை அதுதானே?"

"ஒரே வார்த்தை. ரெண்டாவது நாளே சொன்னான். நான் அட்டையைக் கவுத்து வச்சுட்டேன்."

"அண்ணா!" என்றாள் மனைவி.

"ஆசையை விட்டுடுன்னு நீங்க இவங்க தலைல கை வச்சுச் சொன்னீங்க" என்றார் மேடம். "அப்புறம் எதுக்கு அதை வரைஞ்சு ஊருக்கெல்லாம் அனுப்பினீங்க?"

"நான் வாயால பொய் சொல்வேங்க. கையால வராது. இடது கையால கிறுக்கினாலும் பார்த்ததைத்தான் அது வரையும்." ஓவியர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "யாராவது கண்டுபிடிச்சா கண்டுபிடிக்கட்டும்னு போட்டேன். நானா வந்து சொல்ல மாட்டேன். அதுவரைக்கும் இவன் கிடக்கட்டும்."

"ஏன்?"

ஓவியர் தோல்பையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்து சோடாவிடம் நீட்டினார். "நீங்க வான்தோணி படிப்பீங்களா தம்பி?"

"எட்டு வயசுலேருந்து."

"மின்மினியைப் பத்தி என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். ஒன்பது வயசுல வந்தா. வருஷா வருஷம் வளர்ந்தா. அப்புறம் ஆறு வருஷமா பத்தொன்பதுலயே நிக்கறா. நாங்கல்லாம் கிண்டல் பண்ணுவோம், எந்த சோப்பு போடறாளோன்னு..."

சோடா நோட்டைப் பிரித்தான்.

முதல் பக்கத்தில் மின்மினிக்கு இருபது வயது. அடுத்ததில் இருபத்தொன்று, தலைமுடியை வெட்டிக்கொண்டிருந்தாள். புரட்டப் புரட்ட வயது ஏறியது. கண்ணாடி போட்டாள். கொஞ்சம் சதை வைத்தாள். யாரோ ஒரு குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு கோபமாகப் பார்த்தாள். கடைசியாக வரைந்த பக்கத்தில் காதோரம் நரைத்திருந்தது.

"என் பொண்ணு" என்றார் ஓவியர். "ஒன்பது வயசுலேருந்து அவளை உட்கார வச்சுதான் வரைஞ்சேன். பத்தொன்பதுல போயிட்டா. ரோட்டுல. ஆறு வருஷமாச்சு. அவ போன பிறகும் புத்தகத்துல இருந்தா. மாசம் ஒரு தடவை அவளைப் பார்ப்பேன். இவன் அதையும் எடுக்கப் பார்த்தான். கதை முடிவுல மின்மினி சாகறான்னு சொன்னான். வேணாம்டான்னேன். கால்ல விழுந்தேங்க. நிஜமாவே விழுந்தேன், அச்சாபீஸ் தரையில. இவன் குனிஞ்சு என்ன சொன்னான் தெரியுமா?"

கட்டிலின் கண்கள் ஓவியரின் முகத்தைவிட்டு அசையவில்லை.

"நீ வரைஞ்சாதான்டா இந்தக் காட்சி நிக்கும். அந்த முகம் செத்தா எப்படி இருக்கும்னு உன் ஒருத்தனுக்குத்தானே தெரியும். அப்படின்னான்."

"அடுத்த வாரம் விழுந்தான். நான் தினமும் வந்தேன். கதவைச் சாத்திட்டு ஒரு படம் காட்டுவேன். பாருடா, இவளுக்கு இன்னிக்கு முப்பது. பாருடா, நாற்பது. உன்னால ஒண்ணும் பண்ண முடியாது, இவ இருப்பா. அவ்வளவுதான் நான் செஞ்சது."

"அவ்வளவுதானா?" என்றார் மேடம். "ஒரு மனுஷனை அஞ்சு மாசம் உயிரோட புதைச்சு வச்சிருக்கீங்க. இவங்களையும் சேர்த்து. இது சின்ன விஷயம் இல்ல. புகார் எழுதினா நீங்க உள்ள போவீங்க."

"எழுதுங்க. என் விலாசம் ஆசிரியருக்குத் தெரியும்."

மனைவி அதற்குள் அட்டையைப் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அதெல்லாம் அப்புறம். முதல்ல இவர் பேசட்டும். அஞ்சு மாசமா எதுவோ தொண்டைல நிக்குமே. தம்பி, நீங்க எண்ணுங்க, எனக்கு எண்ண வராது." கட்டிலின்மேல் குனிந்தாள். "என்னங்க, சொல்லுங்க. எது வேணாலும் சொல்லுங்க. என்னைத் திட்டணும்னாலும் திட்டுங்க."

சோடா அட்டையை உயர்த்திப் பிடித்தான்.

கண்கள் வேலையை ஆரம்பித்தன. நாலு. அகலத் திறந்தன. நாலு.

"ம" என்றான் சோடா.

ஒன்று. மூன்று. "இ." ஐந்து, ஆறு. "ன்."

"மின்" என்றாள் மனைவி. "மின்விசிறி! புழுங்குது போல. இவர் ஃபேன்னு சொல்ல மாட்டார் தம்பி, சுத்தத் தமிழ்ல மின்விசிறின்னுதான் சொல்வார்." ஓடிப்போய் விசையை முழு வேகத்துக்குத் திருகினாள். கால்மாட்டில் இருந்த ஏழு தாள்களும் பறந்து சிதறின. "நான் ஒரு முட்டாள், வெயில்ல வேகவச்சிருக்கேன். போதுமாங்க? காத்து வருதா?"

கண்கள் இரண்டு முறை மூடின. இல்லை. விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடர்ந்தன. நாலு, நாலு. ஒன்று, மூன்று. ஐந்து, ஆறு. ஒன்று, மூன்று.

மின்மினி.

ஓவியர் நாற்காலியில் அசையாமல் இருந்தார். சோடா மேடத்தைப் பார்த்தான், நிறுத்தட்டுமா என்கிற மாதிரி. மேடம் தலையை மட்டும் அசைத்தார்: எண்ணு. ஒவ்வொரு எழுத்துக்கும் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆனது. கோணிய வாயிலிருந்து எச்சில் வழிந்தது, மனைவி துடைத்தாள். ச. ஆ. க. அ. ண. உ. ம்.

சோடா சேர்த்துப் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இல்லை.

"மின்மினி சாகணும்" என்றார் ஓவியர். "பார்த்தீங்களா? அஞ்சு மாசம் கழிச்சு வாய் திறந்தான். இதான் இவன். உள்ள ஆள் இல்லன்னு நான் சொன்னது முழுப் பொய்யும் இல்ல."

அவர் எழுந்தார். சோடாவின் கையிலிருந்த நோட்டை வாங்கிப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். கட்டிலின் அருகே போய்க் குனிந்து, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"சாகட்டும்டா. வேற எவனாவது வரைவான். அவனுக்கு என் பொண்ணைத் தெரியாது. மூக்கு வேற, கண்ணு வேற, எவளோ ஒருத்தி. அவ செத்தா எனக்கென்ன? என்னோடவ என் பையில இருக்கா."

கண்கள் படபடவென்று மூடின. இரண்டு. இரண்டு. இரண்டு. இரண்டு. ஓவியர் அதை எண்ணக் காத்திருக்கவில்லை. மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் அவசரமில்லாமல் இறங்கிப் போயிற்று.

மேடம் அவரைத் தடுக்கவில்லை. ஜன்னல் ஓரமாகப் போய் ஆசிரியருக்கு ஃபோன் போட்டுச் சுருக்கமாகச் சொன்னார். ஏழு பக்கமும் ஓவியர் வரைந்தது. கதாசிரியருக்கு நினைவு இருக்கிறது. முடிவும் இருக்கிறது. மறுமுனையில் ஆசிரியர் போட்ட சந்தோஷக் கூச்சல் அறை முழுக்கக் கேட்டது.

"பிழைச்சோம் மேடம்! ஒரு எழுத்துக்கு எவ்வளவு நேரம் ஆகுது? ஒரு நிமிஷமா? அப்ப ரெண்டு ஆள் அனுப்பறேன். காலைல ஒருத்தன், மத்தியானம் ஒருத்தன். ஆளுக்கு ஏதாவது ஆகறதுக்குள்ள ஏழு பக்கத்தையும் கறந்துடலாம். ஓவியர் போனா போறார், ஆயிரம் பேர் இருக்கான்."

"அவர் எப்படி இருக்கார்னு நீங்க இன்னும் கேட்கல" என்றார் மேடம்.

"ஆங்... எப்படி இருக்கார்?"

மேடம் ஃபோனை வைத்துவிட்டார். வழக்கு முடிந்தது. அவர் வேலை செய்த முப்பது வழக்குகளில் கண்டுபிடித்ததற்காக வருத்தப்பட்டது இது இரண்டாவது என்று, பிறகு காரில் போகும்போது சொன்னார். முதலாவது எது என்று சோடா கேட்கவில்லை.

ஆனால் அது பிறகு. அப்போது சோடா இன்னும் கட்டில் பக்கத்திலேயே அட்டையும் கையுமாக நின்றுகொண்டிருந்தான். மனைவி ஓவியரின் காலி நாற்காலியில் உட்கார்ந்து, புருஷனின் முகத்தை ஈரத்துணியால் துடைத்தாள். நெற்றி, கன்னம், காதுக்குப் பின்புறம்.

"தம்பி, இன்னும் ஒரே ஒரு தடவை எண்ணுங்க" என்றாள். பிறகு கட்டிலைப் பார்த்து, "என்னங்க, நான் யாருன்னு தெரியுதா?"

"ஒண்ணு" என்றான் சோடா. "தெரியுதாம்மா."

அவள் சிரித்தாள். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பாக இருக்கும், முகம் அதற்குப் பழகாமல் கோணியது.

"இருபத்தாறு வருஷம் ஆச்சு. இனிமே ஆளுங்க வந்துடுவாங்க, கதை கேட்பாங்க. அதுக்கு முன்னாடி கேக்கறேன். எனக்குன்னு ஏதாவது சொல்லணுமா?"

கண்கள் அவள்மேல் கொஞ்ச நேரம் நின்றன. மூடின. திறந்தன. மறுபடி மூடின. திறந்தன. பிறகு கூரைக்குப் போய்விட்டன.

சோடா அட்டையைக் கீழே இறக்கினான்.

"ஒண்ணும்மா" என்றான்.

அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.